ஸர் சார்லஸ் பெல்

நகைப்பதும் சுளிப்பதும் கண்மூடுவதும் முகநரம்பின் தொழில்கள். அந்நரம்பு ஒருபுறம் செயலிழப்பின் அப்பாதி முகம் அசைவற்றுப்போம், வாய் கோணும், கண் மூடாது. பெல் வாதம் என வழங்கும் இந்நோயோடு தம் பெயர் இணையப்பெற்ற பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சார்லஸ் பெல் 1774-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர்க்கு அன்னையார் சித்திரம் வரையப் பயிற்றினார். தமையனார் ஜானிடம் சரீர சாஸ்திரம் கற்று, 1804-இல் லண்டன் மாநகர் சேர்ந்தார். 1815-இல் வாட்டர்லூ யுத்தம் முடிந்ததும் பிரஸ்ஸல்ஸ் சென்று, காயமுற்ற வீரர்க்கு ரணசிகிச்சை செய்ததோடு, அவர்தம் புண்களைச் சித்திரங்களாகவும் தீட்டினார்.

அக்காலத்து வைத்தியர் சிலர், பொறுத்தற்கரிய முகவலியால் வருந்தியோர்க்கு முகநரம்பையே அறுத்து வந்தனர். வலி நீங்கவில்லை, முகமோ கோணிற்று. பெல் 1821-இல் ராயல் ஸொஸைட்டியில் வாசித்த கட்டுரையில், முகத்திற்குச் செல்லும் நரம்புகள் வெவ்வேறு தொழிலுடையன என விளக்கினார். அவர் கொள்கையிலிருந்த பிழைகளைப் பின்வந்தோர் திருத்தினர். முகத்தை அசைப்பது ஏழாம் நரம்பென்றும், அதற்கு உணர்ச்சி தருவது ஐந்தாம் நரம்பென்றும் தெளிவாயிற்று. 1831-இல் ஸர் பட்டம் பெற்ற பெல், 1842-இல் காலமானார்.

பெல் எழுதுகோலால் வரைந்ததை இன்று யந்திரங்கள் வரைகின்றன. முகநரம்பு செவியருகே எலும்பினுள் ஒரு குறுகிய வழியே செல்வது. ஆங்கு அது வீங்கி நெருக்குண்டிருத்தலை வெளியினின்று காண்டல் அரிது. கடோலினியம் சேர்ந்த மருந்தை இரத்தத்திற் செலுத்தி எம்.ஆர்.ஐ. படம் எடுப்பின், அழற்சியுற்ற நரம்பு ஒளிர்ந்து தோன்றும். நரம்பை அழுத்தும் கட்டியிருப்பினும் புலனாகும்.

எனினும் இப்படம் எல்லார்க்கும் வேண்டுவதன்று. முதலில் நெற்றியை நோக்குதல் வேண்டும். முகநரம்பே பழுதாயின் அப்புறத்து நெற்றியும் சுருங்காது. மூளை நோயாயின் நெற்றி பெரும்பாலும் அசையும். நோய் மெல்ல மெல்ல முற்றினும், மீண்டும் மீண்டும் வரினும், மூன்று மாதங்களாகியும் குணம் காணாவிடினும் படம் இன்றியமையாததாகும். கட்டியொன்றைக் காலத்தே காணாது விடுதல் பெருங்கேடு விளைக்கும்.

வைத்தியம் பயிலப்புகும் நம் மாணாக்கர் யந்திரத்தைப் போற்றுவாராக. அதனினும் முன்னர், பெல்லைப் போல நோயாளியின் முகத்தைக் கூர்ந்து நோக்கப் பழகுவாராக.