மாயூரம் முன்சீப் வேதநாயகர்: குற்றமும் மனச்சான்றும்

குற்றக் கதை என்றவுடன் கொலை, துப்பறிவோன், இறுதியில் அகப்படும் கயவன் என்ற அளவிலேயே நம்மிற் பலர் நின்றுவிடுகிறோம். மேலை நாட்டிலோ செஸ்டர்டன், பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு மனித உள்ளத்தின் இருளை அறிந்த குருவானவர் ஒருவரையே துப்பறிவோராக்கிப் பல கதைகளை எழுதினார். கிரகாம் கிரீன், 1938இல் வெளிவந்த தம் 'பிரைட்டன் ராக்' புதினத்தில், நரகம் உண்டென நம்பிக்கொண்டே கொலை புரியும் இளைஞனைப் படைத்தார். இவ்விருவருக்கும் முன்னரே, குற்றத்தையும் பாவத்தையும் நீதிமன்ற இருக்கையில் அமர்ந்தவாறே எண்ணிப் பார்த்த தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவர் இருந்தார். அவரே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை ஆவார்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மைந்தராகப் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணி தொடங்கி, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1857இல் முன்சீப் ஆனார். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். ஆங்கிலத்தில் அடைபட்டிருந்த உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என 1862இல் வெளியிட்டார். சட்டம் இன்னதென அறியாத ஏழையைச் சட்டத்தின் பெயரால் தண்டிப்பது அவர் நெஞ்சை உறுத்தியிருக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.

நீதிபதியின் கண்ணுக்கு எட்டுவது சான்றால் மெய்ப்பிக்கப்பட்ட குற்றம் மட்டுமே. சான்றில்லாத பாவம் தலைநிமிர்ந்து வெளியேறிவிடும். கத்தோலிக்க நெறியிலோ தீர்ப்புரைத்தவரும் குருவின் முன் முழந்தாளிட்டுத் தம் குற்றத்தைத் தாமே சொல்லியாக வேண்டும். 1859இல் வெளிவந்த 'நீதிநூல்' இந்த இரண்டாம் மன்றத்தின் குரலாகவே நமக்குப் படுகிறது. களவு, கொலை, பொய் ஆகியவற்றைக் கடிந்ததோடு அவர் அமையவில்லை. கைக்கூலி வாங்கும் அதிகாரியையும் கூண்டில் நிறுத்தினார். கிரீனின் குற்றவாளி ஊர்த்தெருவில் திரிபவன். வேதநாயகர் காட்டும் குற்றவாளியோ மேடைமேல் அமர்ந்திருப்பவன். அரசுப் பணியில் இருந்துகொண்டே இதனைப் பாடுதற்குத் துணிவு வேண்டும். 1872இல், மேலதிகாரியோடு நேர்ந்த பிணக்கினால் அவர் பதவி துறக்க நேர்ந்தது.

பதவி போயிற்று, தமிழுக்குப் புதினம் கிடைத்தது! 1879இல் அச்சேறிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' நகைச்சுவை நூலென்றே பெரிதும் பேசப்படுகிறது. எனினும் அதனுள் வழக்குகள் நிறைந்துள்ளன. செருப்புத் தைத்தவனுக்கு அவன் மகிழும்படி கூலி தருவதாகக் கதைத்தலைவன் வாக்களிக்கிறான். எது கொடுத்தும் மகிழ்ச்சி உண்டாகவில்லை என அவன் வழக்காட, நேர்மையற்ற அவ்வூரில் தலைவன் சிறை புகுகிறான். சொல்லின் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு அறத்தைக் கொல்லும் சட்டத்தை அவர் நகைக்கிறார். ஆண்வேடம் பூண்டு அரசாளும் ஞானாம்பாளே உண்மை நீதியை நிலைநாட்டுகிறாள். பெண்கல்விக்காக நூல் இயற்றியவர் அத்தீர்ப்பைப் பெண்ணின் கையில் ஒப்படைத்ததில் வியப்பில்லை.

1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் அவர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அது கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனை பாடினார். பஞ்சக் காலத்தை ஒட்டி 1878இல் வெளிவந்ததே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. எச்சமயத்தாரும் தத்தம் இறைவனை எண்ணிப் பாடத்தக்க பாடல்கள் அவை. தம் சமயத்தில் ஊன்றி நின்றே அவர் அவற்றை இயற்றினார். பெரியநாயகி அம்மாள்மீது பதிகமும் பாடியுள்ளார். நம் கம்மாபுரத்து மாணவர் விருத்தாசலம் வழியே சென்றால், வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி ஆலயத்தைக் காணலாம்.

1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் வேதநாயகர் மறைந்தார். நீதிபதியும் வழக்கறிஞரும் வழக்காளியும் தமிழராயிருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நிகழ்வதேன் என்று அவர் தம் புதினத்தில் வினவியிருந்தார். கீழ்நிலை நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த 1976இல் சட்டம் வழிசெய்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் வழக்காடு மொழியாகத் தமிழை ஆக்கும் கோரிக்கை இன்னும் நிலுவையிலேயே உள்ளது.