மருந்து வணிகரின் மரணசாதனம்

பழைய காலத்து டிஸ்பென்சரிகளில் அப்போத்திக்கரிமாரின் மருந்து அலுமாரிகளைக் கண்டவர்களுக்குப் பரோஸ் வெல்கம் என்ற பெயர் புதியதாக இராது. பெயரின் முற்பாதிக்குரியவர் நடுவயதிலேயே காலமானார். பிற்பாதிக்குரியவர் 82 வயது வரை வாழ்ந்து, தேடிய செல்வத்தின் பெரும்பகுதியைத் தம் இனத்தவர் எவருக்கும் விடாமல், நோய்களை ஆராய்வதற்கென்றே எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர்தான் சேர் ஹென்றி வெல்கம்.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் அல்மண்ட் என்ற குடியேற்றத்தில், மரத்துண்டுகளால் கட்டப்பட்ட ஒரு குடிலில், 1853 ஆவணி 21ஆந் திகதி ஹென்றி பிறந்தார். தந்தை ஏழைக் கமக்காரர். பின்பு கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைப் பற்றி ஊரூராகப் போய்ப் பிரசங்கித்தவர். உருளைக்கிழங்குப் பயிர் பொய்த்துப்போகவே, குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே மினெசோட்டாவிலுள்ள கார்டன் சிற்றிக்குச் சென்றது. அங்கே சிறியதகப்பனார் ஒருவர் வைத்தியராக இருந்ததோடு மருந்துக் கடையும் வைத்திருந்தார். 1862இல் அப்பகுதியில் வெள்ளையருக்கும் சூ இனத்துப் பழங்குடி மக்களுக்கும் சண்டை மூண்டது. ஒன்பது வயதுச் சிறுவன் ஹென்றி காயப்பட்டவர்களுக்குக் கட்டுப்போடும் வேலையில் சிறியதகப்பனாருக்கு உதவினான் என்பர்.

மருந்துக் கடையே அவனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பதினாறாவது வயதில், எழுதினால் கண்ணுக்குத் தெரியாததும் சூடுகாட்டினால் தெரிவதுமான ஒரு மாய மையைத் தயாரித்து, ஊர்ப் பத்திரிகையில் விளம்பரமும் செய்துவிட்டான். உள்ளே இருந்தது வெறும் தேசிக்காய்ச் சாறுதான்! விற்கத் தெரிந்த கை அது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு ரொச்செஸ்டர் நகரில் மருந்துக் கடையொன்றில் வேலை செய்தபோது, வைத்தியர் வில்லியம் மேயோ அவ்விளைஞனின் திறமையைக் கண்டு மேற்கொண்டு படிக்கத் தூண்டினார். (அம்மேயோவின் பிள்ளைகளாலேயே அந்நகரம் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற வைத்திய நிலையத்துக்கு இருப்பிடமாயிற்று.) சிக்காகோவிலும் பிலடெல்பியாவிலும் மருந்தாக்கவியல் பயின்று 1874இல் பட்டம் பெற்ற ஹென்றி, நியூயோர்க்கின் மருந்துக் கம்பனிகளுக்காக ஊர்சுற்றி விற்கும் பிரதிநிதியானார்.

அந்நாட்களில் அவர் செய்த பயணம் ஒன்றை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மலேரியாவுக்கு அன்று உலகம் அறிந்த மருந்து கொயினா ஒன்றே. அது தென்னமெரிக்காவின் அந்தீசு மலைக்காடுகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. 1870களின் பிற்பகுதியில் வெல்கம் ஈக்குவடோருக்குச் சென்று, கோவேறு கழுதைகளும் ஏற அஞ்சும் மலைச்சரிவுகளில் அலைந்து, அம்மரங்கள் எவ்வாறு வெட்டப்படுகின்றன, பட்டை எவ்வாறு உரிக்கப்பட்டுச் சுதேசிகளின் முதுகில் கீழே கொண்டுவரப்படுகிறது என்பவற்றைக் கண்டு எழுதினார். வேரோடு வெட்டித் தீர்த்தால் நாளைக்கு மரம் ஏது என்ற கவலை அவ்வெழுத்தில் இருந்தது. அதே சிங்கோனாதான் அதற்கு முன்பே நம் மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஹக்கல தோட்டம் 1861இல் திறக்கப்பட்டதே அம்மரத்தை வளர்ப்பதற்காகத்தான். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபோது, தேயிலை முழுமையாகக் காலூன்றும் வரை, தோட்டத்துரைமார் சிலகாலம் நம்பியிருந்ததும் இச்சிங்கோனாவையே.

1880இல் சைலஸ் பரோஸ் என்ற அமெரிக்க நண்பரின் அழைப்பை ஏற்று வெல்கம் இலண்டனுக்குக் கப்பலேறினார். இருவரும் கூட்டுச் சேர்ந்து கம்பனியைத் தொடங்கினர். அக்காலத்து இங்கிலாந்தில் மருந்து என்றால் பெரும்பாலும் தூள், கஷாயம், கையால் உருட்டிய உருண்டை. ஒரு உருண்டைக்கும் மற்றொன்றுக்கும் அளவு ஒத்துப்போகாது. யந்திரத்தால் அழுத்திச் செய்த, ஒரே நிறையுடைய குளிசைகளை இவர்கள் அங்கே பரப்பினர். 1884இல் அதற்கு ரப்லொயிட் என்று வெல்கம் ஒரு பெயரை உருவாக்கிப் பதிவு செய்தார். சுருக்கி அடக்கிய எதற்கும் அப்பெயரை மக்கள் வழங்கத் தொடங்கவே, சிறிய அளவுப் பத்திரிகைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. தம் சொல்லைப் பிறர் எடுத்தாள்வதைப் பொறுக்காமல் அவர் நீதிமன்றம் ஏறி வழக்காடி வென்றதும் உண்டு.

ஸ்ரான்லி போன்ற ஆபிரிக்க யாத்திரிகர்களுக்கு மருந்துப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தார். அது நட்பு, அதே வேளை விளம்பரமும்கூட. அப்பெட்டிகள் சென்ற வழியே ஐரோப்பிய ஆதிக்கமும் சென்றது, அதனால் ஆபிரிக்க மக்கள் பட்ட துன்பம் சொல்லில் அடங்காதது. இதை மறைத்து எழுதுவது முறையன்று. ஆயினும் 1887இல், கனடாவின் மேற்குக் கரையில் சிம்சியான் பழங்குடி மக்கள் தம் நிலத்தையும் தாம் கட்டிய ஊரையும் இழக்க நேர்ந்தபோது, அவர்களுக்காக ஒரு தடித்த நூலை எழுதி வெளியிட்டவரும் இதே வெல்கம்தான். ஒரு மனிதனை ஒரே அளவுகோலால் அளந்துவிட முடிகிறதா?

கூட்டாளிகளின் உறவு நீடிக்கவில்லை. பரோஸ் தாராள மனத்தர், அவசரக்காரர்; வெல்கம் கணக்கும் ஒழுங்கும் பார்ப்பவர். 1889இல் கூட்டை முறிக்கக் கோரிப் பரோஸ் தொடுத்த வழக்குத் தோற்றது. அதன் பின்பு இருவரும் மனக்கசப்போடு ஒரே கூரையின் கீழ் தொழில் நடத்தினர். 1895இல் பரோஸ் நிமோனியாக் காய்ச்சலால் மரணமாகவே, கம்பனி முழுவதும் வெல்கமின் கைக்கு வந்தது.

அதற்கு முந்திய ஆண்டு ஒரு புதிய செய்தி ஐரோப்பாவைக் கலக்கியிருந்தது. தொண்டைக்கரப்பன் நோய் கண்ட குழந்தைகள் மூச்சடைத்து மடிவதைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. குதிரைக்கு அந்நோயின் நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து எடுத்த மாற்று நீரை ஊசிமூலம் செலுத்தினால் பிள்ளை பிழைக்கிறது என்று பாரிஸ் நகரிலிருந்து அறிவித்தார்கள். வெல்கம் தாமதிக்கவில்லை. 1894இலேயே அம்மருந்தைத் தயாரிப்பதற்கென உடற்றொழிலியல் ஆய்வுகூடம் ஒன்றைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் இரசாயன ஆய்வுகூடம் ஒன்றும் எழுந்தது.

இங்கேதான் பெரிய தடை வந்தது. மருந்து விற்பவன் ஆராய்ச்சி செய்தால் அது விளம்பரமாகத்தானே முடியும் என்று வைத்தியப் பெரியோர் பலர் முகஞ்சுளித்தனர். மிருகங்களில் பரிசோதனை செய்ய அரசாங்க அனுமதி வேண்டும். வணிக நிறுவனம் எதற்கும் அதுவரை அது கொடுக்கப்பட்டதில்லை. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1901இல்தான் வெல்கமுக்கு அது கிடைத்தது. 1904இல் ஹென்றி டேல் என்ற இளம் விஞ்ஞானி அந்த ஆய்வுகூடத்திற் சேர விரும்பியபோது, விஞ்ஞானத்தைப் பணத்துக்கு விற்கப் போகிறாயா என்ற தோரணையில் நண்பர்கள் தடுத்தார்கள். அவர் சேர்ந்தார். சேர்ந்து இரண்டு ஆண்டுகளில் சோதனையும் வந்தது. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியின் சாரத்துக்கு விஞ்ஞானிகள் வழங்கிய அட்ரினலின் என்ற பெயரைத் தம் கட்டுரையில் எழுத டேல் விரும்பினார். அதுவோ போட்டிக் கம்பனியொன்றின் பதிவுப் பெயர். போட்டிக்காரனுக்கு நம் ஆய்வுகூடமே விளம்பரம் செய்வதா என்று கம்பனி அதிகாரிகள் கொதித்தனர். டேல் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவு வெல்கமின் கையில் இருந்தது. ரப்லொயிட் என்ற தம் சொல்லுக்காக நீதிமன்றப் படி ஏறியவர், இவ்விடத்தில் விஞ்ஞானியின் பக்கமே நின்று அனுமதி அளித்தார். அன்று அவர் வேறுவிதமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் டேல் அங்கே தங்கியிருப்பார் என்று நினைக்க இடமில்லை. அதே டேல்தான் அந்த ஆய்வுகூடத்தில் தொடங்கிய வேலையின் வழியே, நரம்புகள் இரசாயனப் பொருளால் செய்தி கடத்துகின்றன என்பதை நிறுவி, 1936இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அதே வெல்கம் ஆய்வுகூடத்தில் கிளெனி என்பவர் 1926இல், படிகாரத்தைச் சேர்த்தால் தொண்டைக்கரப்பன் தடுப்பூசியின் வலிமை பெருகுவதைக் கண்டார். இன்றும் நம் பிள்ளைகளுக்கு இடும் முக்கூட்டு ஊசியில் அந்த அலுமினிய உப்பு இருக்கிறது. ஊசி போட்ட இடத்தில் கட்டி எழும்பிவிட்டதென்று இரவெல்லாம் கண்விழிக்கும் தாய்மார் அதற்கு வெல்கமைக் கோபித்துக்கொள்ளலாம்!

வெப்பநாட்டு நோய்களின் மேல் அவருக்குத் தனி அக்கறை இருந்தது. சூடான் நாட்டுக்குச் சென்று அங்கு மக்கள் காய்ச்சலில் மடிவதைக் கண்டவர், கார்ட்டூம் நகரத்துக் கோர்டன் கல்லூரியில் தம் செலவில் ஓர் ஆய்வுகூடத்தை அமைத்துக் கொடுத்தார். அண்ட்ரூ பல்போர் அதன் பணிப்பாளரானார். கிணறுகள், தொட்டிகள், நைல் நதியில் வந்து நிற்கும் படகுகளின் அடித்தட்டு எல்லாம் பரிசோதித்து நுளம்புக் குடம்பிகளை அழித்ததன் பயனாக, கார்ட்டூமில் மலேரியா வெகுவாகக் குறைந்தது. கரையோரக் கிராமங்களின் நோய்களை ஆராய மிதக்கும் ஆய்வுகூடம் ஒன்றும் நைல் நதியில் இழுத்துச் செல்லப்பட்டது.

வீட்டு வாழ்வில் அவருக்கு மகிழ்ச்சி வாய்க்கவில்லை. 1901இல், நாற்பத்தேழு வயதில், அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நிறுவிய வைத்தியர் பர்னாடோவின் மகளை மணந்தார். வயதிலும் இயல்பிலும் இருவருக்கும் வெகு தூரம். 1910இல் பிரிந்தனர், 1916இல் விவாகரத்தாயிற்று. ஒரே மகன் பிறர் வீட்டில் வளர்ந்தான். ஓயாத பயணமும் தொழிலும் அம்முறிவில் எவ்வளவு பங்கு வகித்தன என்பதை அவர் மனம் அறிந்திருக்கும்.

வெறுமையை நிரப்பத்தானோ என்னவோ, பொருட்களைச் சேர்க்கும் வெறி அவரைப் பிடித்தது. மருத்துவத்தோடு தொடர்புடைய எதுவாயினும் சரி: சத்திரசிகிச்சைக் கத்தி, தாயத்து, நேர்த்திக்கடன் உருவம், பல் பிடுங்கும் குறடு. முகவர்கள் உலகெங்கும் போய் வாங்கி அனுப்பினார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் குவிந்தன; பல பெட்டிகள் திறக்கப்படாமலே அவர் காலம் முடிந்தது. நூற்றுக்கணக்கான சிங்கள ஓலைச்சுவடிகளும் தமிழ்ச் சுவடிகளும் அச்சேகரத்திற் சேர்ந்து இலண்டனில் இருக்கின்றன. அவை அங்கே காப்பாற்றப்பட்டன என்று மகிழ்வதா, நம் கைவிட்டுப் போயின என்று வருந்துவதா?

1924இல் தம் கம்பனி, ஆய்வுகூடங்கள், நூதனசாலை அனைத்தையும் ஒரே நிறுவனமாக்கினார். 1932இல் அவருக்குச் சேர் பட்டமும், விஞ்ஞானிகளின் றோயல் சங்கத்தில் அங்கத்துவமும் கிடைத்தன. அதே ஆண்டில்தான் மரணசாதனத்தை எழுதி முடித்தார். நிறுவனத்தின் பங்குகள் முழுவதும் நம்பிக்கைப் பொறுப்பாளர் சிலரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். வரும் இலாபத்தை அவர்கள் மருத்துவ ஆராய்ச்சிக்கும் மருத்துவ வரலாற்றுக்கும் செலவிட வேண்டும். சிறுவயதில் வாழ்ந்த கார்டன் சிற்றிக்கு ஒரு நூல்நிலையத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் பணம் ஒதுக்க மறக்கவில்லை. ஆனால் கம்பனியின் ஒரு பங்குகூட மகனுக்குப் போகவில்லை.

1936 ஆடி 25ஆந் திகதி வெல்கம் இலண்டனில் காலமானார். சாதனம் காகிதத்தில் இருந்ததே தவிர, பணம் உடனே வரவில்லை. மரணவரி ஒருபுறம், உலகப் போர் மறுபுறம், மலையாய்க் குவிந்த பெட்டிகளைப் பிரித்துப் பகிர்ந்தளிக்கும் வேலை இன்னொரு புறம். கம்பனியும் சோர்ந்து கிடந்தது. அந்த இக்கட்டான காலத்தில், 1938 முதல் 1960 வரை, பொறுப்பாளர்களுக்குத் தலைமை தாங்கியவர் வேறு யாருமல்லர், அதே ஹென்றி டேல்தான். சேரவே வேண்டாமென்று நண்பர்கள் தடுத்த இடத்தை முதுமையில் அவரே காத்து நின்றார்.

அறுபதுகளுக்குப் பின் நிலை மாறியது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வெல்கம் நிதியால் ஓர் ஆராய்ச்சிப் பிரிவு இயங்கி, தென்னிந்தியக் கிராம மக்களை மெலிவித்த ஸ்பூறு என்னும் நீடித்த வயிற்றோட்டத்தை ஆராய்ந்தது. பொறுப்பாளர்கள் 1986 முதல் பங்குகளைப் பகுதி பகுதியாக விற்று, 1995இல் கம்பனியையே கிளக்சோவுக்குக் கைமாற்றினர். வெல்கம் பெயரில் கம்பனி இன்று இல்லை. நிதியமோ ஆயிரக்கணக்கான கோடி பவுண் சொத்துடன் இருக்கிறது. தாய்லாந்து, வியட்நாம், கென்யா ஆகிய நாடுகளில் அதன் உதவி பெறும் ஆராய்ச்சி நிலையங்கள் நடக்கின்றன. மனிதரின் பரம்பரை அலகுத் தொகுதியை வாசித்த பெருமுயற்சியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வேலை அதன் பணத்தால் நடந்தது. வெல்கமின் அஸ்தி மாத்திரம் ஐம்பது ஆண்டுகள் அடக்கம் செய்யப்படாமலிருந்து, 1987இல் இலண்டன் சென் போல் ஆலயத் தோட்டத்தில் இடம்பெற்றது.

கடைசியாக ஒரு செய்தி. கடும் மலேரியாவுக்குக் கொயினா ஊசியா, சீனத்து மூலிகையிலிருந்து பிறந்த ஆட்டெசுனேற்றா சிறந்தது என்பதை அறிய, வெல்கம் நிதியத்தின் பணத்தில் இரண்டு பெரும் பரிசோதனைகள் நடந்தன. முதலாவது ஆசியாவில்; அதன் முடிவு 2005இல் வந்தது. இரண்டாவது ஆபிரிக்காவின் 9 நாடுகளில் 5,425 பிள்ளைகளிடையே. அதன் முடிவு 2010இல் வந்தது. கொயினா பெற்ற பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர் இறந்தனர். புதிய மருந்து பெற்றோரில் 8 அல்லது 9 பேர். அதன் பின்பு உலக சுகாதார ஸ்தாபனம் கடும் மலேரியா கண்ட பிள்ளைகளுக்குக் கொயினாவுக்குப் பதிலாகப் புதிய மருந்தையே சிபாரிசு செய்தது. ஈக்குவடோர்க் காட்டில் சிங்கோனா மரத்தைத் தேடி அலைந்த வாலிபனின் பணம், ஏறக்குறைய நூற்றிமுப்பது ஆண்டுகள் கழித்து, அம்மரத்தின் பட்டைக்கு அந்த வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தது.