கண்ணெதிரே வேண்டிய மீட்பு: பொய்கையில் யோகன்னானின் வாழ்வு

1879ஆம் ஆண்டு தென்னிந்தியாவில் பிறந்த இருவரை நாம் நினைத்துப் பார்க்கிறோம். திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் பின்னாளில் திருவண்ணாமலையின் ரமணர் ஆனார். அவர் பெயரால் அமைந்த ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் பல நாட்டினர் ஆன்ம விடுதலை தேடித் தங்குகின்றனர். அதே ஆண்டு பிப்ரவரி 17 அன்று, திருவிதாங்கூரின் திருவல்லைக்கு அருகிலுள்ள இரவிபேரூரில், பறையர் குடும்பமொன்றில் குமரன் பிறந்தார். அவரும் விடுதலையைத்தான் தேடினார். ஆனால் அவருடைய தேடல், தம் மக்களின் உடலையும் உழைப்பையும் நிலவுடைமையாளரிடமிருந்து மீட்பதில் தொடங்க வேண்டியிருந்தது.

திருவிதாங்கூர் அரசு 1855இல் அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டிருந்தது. ஆணை வந்து கால் நூற்றாண்டு ஆன நிலையிலும் குமரனின் பெற்றோர் கண்டனும் லேச்சியும் சங்கரமங்கலம் என்னும் சிரியன் கிறித்தவக் குடும்பத்துக்குக் கட்டுப்பட்ட உழைப்பாளிகளாகவே இருந்தனர். உடைமையாளரின் மதத்துக்குள் அழைத்துவரப்பட்ட குமரனுக்கு யோகன்னான் என்று பெயரிடப்பட்டது. அவர் எழுத்தறிந்தார், விவிலியத்தைக் கற்றுத் தேர்ந்தார், மார்த்தோமா சபையில் கேட்போரை ஈர்க்கும் போதகராக உயர்ந்தார்.

பெயரும் வழிபாடும் மாறினாலும் சாதி மாறவில்லை என்பதை அவர் விரைவிலேயே கண்டார். தலித் கிறித்தவர்களுக்கெனத் தனித் தேவாலயங்கள் கட்டப்பட்டு, அவை 'புலப்பள்ளி' என்று அழைக்கப்பட்டன. ஒரே கடவுளை வணங்குவோர் ஒரே கூரையின்கீழ் அமர மறுத்தனர். யோகன்னான் மார்த்தோமா சபையை விட்டு விலகிப் பிரதரன் சபையில் சேர்ந்தார். சமத்துவம் பேசிய அந்தச் சபையிலும் பாகுபாடு நிலவியதால் அதையும் விட்டு வெளியேறினார். ஓரிடத்தில் நீதி கிடைக்காதபோது அடங்கிப் போகவோ, தேடலைக் கைவிடவோ அவர் உடன்படவில்லை. அவருடைய விடாமுயற்சியின் இயல்பு இதுவே.

அவருடைய கேள்வி மறைநூலையும் தொட்டது. திருமுகங்கள் உரோமையருக்கும் கொரிந்தியருக்கும் எழுதப்பட்டிருக்க, வயல்களில் மாடுகளோடு பூட்டி உழவைக்கப்பட்ட தம் முன்னோருக்கென எழுதப்பட்டது எங்கே என்று அவர் வினவினார். விவிலியத்தை அவர் எரித்த நிகழ்வு பெரும் சினத்தைக் கிளப்பியது. நாம் அதை இறைமறுப்பாகக் கொள்வதற்கில்லை. அதன் பின்னரும் அவர் கடவுளைப் பற்றியே பேசினார். மீட்பைப் பற்றியே பாடினார். தாயினின்று பிள்ளை பிரித்து விற்கப்பட்ட கொடுமையையும், வரலாற்றில் இடம்பெறாத தம் மக்களின் துயரையும் அவருடைய பாடல்கள் நினைவாகக் காத்தன. ஏடுகளில் தம் வரலாறு இல்லாத மக்கள் கூடிப் பாடித் தங்கள் வரலாற்றைத் தாங்களே உருவாக்கிக்கொண்டனர்.

1909ஆம் ஆண்டையொட்டி அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை. கண்ணெதிரே காணத்தக்க மீட்பைத் தரும் கடவுளின் சபை என்பது அதன் பொருள். பறையர், புலையர், குறவர் என்று பிரிந்து கிடந்த மக்கள் அதில் ஒன்றுகூடினர். சபை நிலம் வாங்கியது, பள்ளிகளைத் தொடங்கியது. அய்யன்காளி முன்னரே உறுப்பினராயிருந்த ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு 1921இலும் 1931இலும் நியமிக்கப்பட்ட யோகன்னான், ஒடுக்கப்பட்டோரின் கல்விக்காகவும் நிலத்துக்காகவும் அங்கே வாதாடினார். 1939 ஜூன் 29 அன்று மறைந்தார். மக்கள் அவரைப் பொய்கையில் அப்பச்சன் என்றும் குமார குருதேவன் என்றும் இன்றும் போற்றுகின்றனர்.

அவர் எழுப்பிய கேள்வி தமிழ்நாட்டிலும் உயிரோடு இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளின் புதைகுழிகளைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவரை நாம் அறிவோம். எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கோரியதைத் தொடர்ந்து 2008இல் வெடித்த வன்முறையையும் அறிவோம். அரசும் இதில் பங்காளியே. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர்; தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் வெளியே நிறுத்தப்பட்டனர். கிறித்தவத்தில் சாதி இல்லை என்று அரசு காட்டும் காரணத்தை, யோகன்னானின் வாழ்வு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பொய்யாக்கிவிட்டது.

இது ஒரு மதத்தின் குறை மட்டுமன்று. திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித்துகள் மாரியம்மன் கோயிலுக்குள் நுழைய 2023 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. அன்றும் காவல்துறையின் பாதுகாப்போடுதான் நுழைய முடிந்தது. ஆன்ம விடுதலையைத் தேடி உலகமே வந்து தங்கும் மாவட்டத்தில், ஊர்க்கோயிலின் வாசலைக் கடப்பதே உள்ளூர் மக்களுக்குப் போராட்டமாகிறது.

யோகன்னானை மாணவர்களும் களப்பணியாளர்களும் படிக்க வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது. நம்பிக்கையைக் கைவிட்டால்தான் நீதி கேட்க முடியும் என்று அவர் கருதவில்லை. நம்பிக்கையின் பெயரால் அநீதியைப் பொறுத்துக்கொள்ளவும் இல்லை. தம் சபையிடமும் மறைநூலிடமும் அரசவையிடமும் அவர் ஒரே கணக்கைத்தான் கேட்டார்: மீட்பு உண்டென்றால் அது நிலமாக, பள்ளியாக, சமமான இருக்கையாக இம்மண்ணில் தென்பட வேண்டும். நம் தேவாலயங்களிடமும் கோயில்களிடமும் நாடாளுமன்றத்திடமும் நாம் கேட்க வேண்டிய கணக்கும் அதுவே.