ஸ்போர்ட்ஸ் காருக்கு கார்ப்பெட் தேவையா? - எடையோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட காலின் சாப்மன்

புது கார் வாங்கப் போனால் ஷோரூமில் நம்மிடம் காட்டுவது எல்லாம் கூடுதலாக என்னென்ன இருக்கிறது என்பதைத்தான். பெரிய ஸ்கிரீன், சன்ரூஃப், ஆறு ஏர்பேக், காலுக்கு மெத்தென்று கார்ப்பெட். ஆனால் ஒரு காரில் எதெல்லாம் இல்லை என்பதையே பெருமையாகச் சொல்லி விற்ற மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் காலின் சாப்மன். லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

அவர் உருவாக்கிய லோட்டஸ் செவன் காரின் வாரிசுகளை இன்றும் பலர் பாகங்களாக வாங்கி, வீட்டு கேரேஜில் தாங்களே பூட்டுகிறார்கள். அப்படிப் பூட்டும்போது எல்லோரும் வந்து நிற்கிற ஒரு கேள்வி: தரைக்கு கார்ப்பெட் போடலாமா, வேண்டாமா? கேட்க சின்ன விஷயம்தான். ஆனால் சாப்மனின் மொத்த வாழ்க்கையும் இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

யார் இந்த சாப்மன்?

1928 மே 19 அன்று லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தவர். அப்பா வடக்கு லண்டனின் ஹார்ன்சி பகுதியில் ரயில்வே ஹோட்டல் என்ற விடுதியை நடத்தினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சாப்மன் படித்தது கட்டுமானப் பொறியியல். பாலமும் கூரையும் எந்த இடத்தில் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்குப் போடுகிற படிப்பு. கூடவே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ராயல் ஏர் ஃபோர்ஸில் கொஞ்ச காலம் இருந்தார்.

இந்த இரண்டும்தான் அவரை மற்ற கார்க்காரர்களிடமிருந்து பிரித்துக் காட்டின. விமானத்தில் தேவையில்லாத ஒரு கிலோகூட பாரம்தான். நல்ல கட்டுமானத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற கம்பி ஒன்றுகூட இருக்காது. காரையும் அவர் இதே கண்ணோடுதான் பார்த்தார்.

விற்காமல் நின்ற ஒரு பழைய கார்

படிக்கும்போதே பழைய கார் வாங்கி விற்கிற தொழிலில் இறங்கினார். போர் முடிந்த நேரம். பெட்ரோல் ரேஷனில்தான் கிடைத்தது. 1947-ல் சொந்த கார்களுக்கான அடிப்படை ரேஷனையும் அரசு நிறுத்திவிட, பழைய கார் வியாபாரம் படுத்தது. கையில் இருந்ததை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டார். கடைசியில் விலை போகாமல் நின்றது 1930-ம் வருட ஆஸ்டின் செவன் ஒன்று.

விற்காத காரை என்ன செய்வது? காதலி ஹேசல் வில்லியம்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த கேரேஜில் வைத்துப் பிரித்தார். உடலைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த புது உடலைத் தானே கட்டினார். அதுதான் முதல் லோட்டஸ். 1952-ல் ஹேசலிடம் 25 பவுண்டு கடன் வாங்கி லோட்டஸ் இன்ஜினீயரிங் கம்பெனியைப் பதிவு செய்தார். அப்பாவின் விடுதிக்குப் பின்னால் இருந்த பழைய லாயம்தான் பட்டறை. 1954-ல் ஹேசலையே திருமணம் செய்துகொண்டார்.

கிட் கார் என்றால் என்ன?

ஆன்லைனில் கட்டில் ஆர்டர் செய்தால் அட்டைப் பெட்டியில் பலகையும் ஸ்க்ரூவும் தனித்தனியாக வருமே, அதே மாதிரிதான். சேசிஸ், பாடி, சஸ்பென்ஷன், இன்ஜின் எல்லாம் பாகங்களாக வரும். வாங்கியவர் பூட்டிக்கொள்ள வேண்டும்.

ஏன் இந்தத் தலைவலி? வரிதான் காரணம். அன்றைய பிரிட்டனில் முழு காராக வாங்கினால் கொள்முதல் வரி கடுமையாக இருந்தது. பாகங்களாக வாங்கிச் சொந்தமாகப் பூட்டினால் அந்த வரி இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. எப்படிப் பூட்டுவது என்ற கையேட்டை கம்பெனி தரக்கூடாது. லோட்டஸ் என்ன செய்தது தெரியுமா? எப்படிக் கழற்றுவது என்ற கையேட்டைக் கொடுத்தது. அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை தலைகீழாகப் படித்தால் கார் தயார். சட்டத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை.

1957-ல் வந்த லோட்டஸ் செவன் இப்படித்தான் நடுத்தர வர்க்க இளைஞர்கள் கைக்கு வந்தது. சுமார் 500 கிலோ எடை. ஆரம்ப மாடலில் இருந்தது ஃபோர்டின் 1172 சிசி இன்ஜின், சக்தி சுமார் 40 குதிரைத்திறன் மட்டுமே. கதவு கிடையாது. காலுக்குக் கீழே வெறும் அலுமினியத் தகடு. வார நாளில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை ரேஸ் என்று ஒரே காரை ஓட்டினார்கள்.

எடை குறைந்தால் என்ன லாபம்?

பெரிய இன்ஜின் போட்டால் நேர் ரோட்டில் மட்டும் வேகம் கூடும். எடையைக் குறைத்தால் கிளம்பும்போது, திரும்பும்போது, பிரேக் அடிக்கும்போது என எல்லா இடத்திலும் லாபம். டயர் தேய்வதும் பெட்ரோல் குடிப்பதும் குறையும். இன்னொன்றும் உண்டு. எடை கூடினால் சஸ்பென்ஷனைப் பலப்படுத்த வேண்டும், அதற்காக பிரேக்கைப் பெரிதாக்க வேண்டும், அதை இழுக்க இன்ஜினைப் பெரிதாக்க வேண்டும். ஒரு கிலோ இன்னொரு கிலோவைக் கூப்பிட்டுக்கொண்டே வரும்.

அதனால் ஒரே பாகம் இரண்டு மூன்று வேலை செய்ய வேண்டும் என்பது சாப்மனின் வழி. செவன் காரின் தரைத்தகடு இதற்கு நல்ல உதாரணம். அது வெறும் மூடி இல்லை. இரும்புக் குழாய்களால் ஆன சட்டத்தோடு ரிவெட் அடித்து இணைக்கப்பட்டு, சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைக்கும் வேலையையும் அதுவே செய்கிறது.

1962-ல் இதையே ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுபோனார். லோட்டஸ் 25 காரில் குழாய்ச் சட்டமே இல்லை. விமானம் மாதிரி தகடுகளால் ஆன கூடே சேசிஸ் ஆனது. அந்த வழியில் வந்த கார்களில் ஜிம் கிளார்க் 1963-லும் 1965-லும் உலக சாம்பியன். 1965-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையும் வென்றார். சாப்மன் இருந்த காலத்தில் லோட்டஸ் வாங்கிய கன்ஸ்ட்ரக்டர்ஸ் சாம்பியன் பட்டங்கள் மட்டும் 7.

கணக்கின் மறுபக்கம்

எடையைக் குறைத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் கோட்டைத் தாண்டிவிடும். அந்தக் கோடு எங்கே என்பதில்தான் சாப்மன் மீதான விமர்சனம் எல்லாம் இருக்கிறது.

1960-ல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்துக்கான பயிற்சியில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸ் 18-ன் சக்கரம் கழன்றது. அவரது கால்கள் முறிந்தன. அதே பயிற்சியில் மைக் டெய்லர் ஓட்டிய இன்னொரு லோட்டஸின் ஸ்டீயரிங் தண்டு உடைந்தது. பலத்த காயம். அவரது பந்தய வாழ்க்கை அதோடு முடிந்தது. லோட்டஸ் மீது அவர் வழக்குப் போட்டார்.

1968-ல் ஹாக்கன்ஹைமில் நடந்த ஃபார்முலா டூ பந்தயத்தில் ஜிம் கிளார்க் இறந்தார். சாப்மனுக்கு மிக நெருங்கிய நண்பர் அவர்.

1970 செப்டம்பர் 5. இத்தாலியின் மான்சா. லோட்டஸ் 72-ல் முன் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் காரின் உடலுக்குள் இருந்தன. சக்கரத்தின் எடையைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. சக்கரத்தையும் பிரேக்கையும் இணைக்க ஒரு தண்டு தேவைப்பட்டது. பயிற்சியின்போது முன்பக்கத் தண்டு ஒன்று உடைந்து, யோகன் ரிண்ட்டின் கார் தடுப்பில் மோதியது. அவர் இறந்தார். தடுப்பு சரியாக அமைக்கப்படாததும் உயிரிழப்புக்கு ஒரு காரணம். அந்த வருட உலக சாம்பியன் பட்டம் இறந்த பிறகு ரிண்ட்டுக்குக் கிடைத்தது. ஃபார்முலா ஒன் வரலாற்றில் அப்படிப் பட்டம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

ஆக, எடை குறைப்பதில் இரண்டு வகை இருக்கிறது. சுமை தாங்குகிற பாகத்தை மெலிய வைப்பது ஒன்று. சுமையே தாங்காத பொருளைத் தூக்கி வெளியே போடுவது இன்னொன்று. கார்ப்பெட் இரண்டாவது வகை. அதை எடுப்பதால் யாருடைய உயிருக்கும் ஆபத்து இல்லை.

கார்ப்பெட் பக்கம் போன சாப்மன்

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கார்ப்பெட்டுக்கு சாப்மன் எதிரியே இல்லை. 1962-ல் வந்த எலான் காரில் கார்ப்பெட் இருந்தது, ஜன்னல் கண்ணாடி இருந்தது, பின்னால் மரப் பலகை டேஷ்போர்டும் வந்தது. ஏனென்றால் அதை வாங்குபவர் மழையிலும் குளிரிலும் தினமும் ஓட்டுவார். 1970-களில் லோட்டஸ் கிட் வியாபாரத்தைக் கைவிட்டு, எலீட், எஸ்ப்ரி என்று விலையுயர்ந்த கார்களுக்கு மாறியது.

செவன் காரையும் 1970-ல் வசதியாக்கிப் பார்த்தார்கள். நான்காம் தலைமுறைக்கு ஃபைபர் கிளாஸ் பாடி, கொஞ்சம் சொகுசு. பழைய ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1973-ல் வாட் வரி வந்ததும் கிட் காருக்கான வரிச் சலுகையும் போனது. செவன் உரிமையை கேட்டர்ஹாம் என்ற விற்பனை நிறுவனத்துக்கு லோட்டஸ் கொடுத்தது. கேட்டர்ஹாமும் 1974-ல் சொகுசு மாடலை நிறுத்திவிட்டு, பழைய மூன்றாம் தலைமுறை வடிவத்துக்கே திரும்பியது. இன்றும் ஓடிக்கொண்டிருப்பது அதன் வழிவந்த கார்கள்தான்.

சாப்மன் 1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 54. டெலோரியன் கார் திட்டத்தின் பணம் எங்கே போனது என்ற விசாரணை அவர் இறந்த பிறகும் நடந்தது. 1992-ல் லோட்டஸின் நிதிப் பொறுப்பில் இருந்த ஃப்ரெட் புஷெல் சிறைக்குப் போனார்.

சரி, போடலாமா? வேண்டாமா?

முதலில் எடை. கார்ப்பெட் 5 கிலோ என்று வைத்துக்கொண்டால், 500 கிலோ காரில் அது 1 சதவீதம். தனியாகப் பார்த்தால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கார்ப்பெட்டோடு ஹீட்டர், ஸ்பீக்கர், கூடுதல் மெத்தை என்று ஒவ்வொன்றும் 'இதுவும் 1 சதவீதம்தானே' என்று உள்ளே வரும். பத்து பொருள் சேர்ந்தால் 50 கிலோ.

அடுத்து தண்ணீர். எடையைவிட இதுதான் முக்கியம். கூரை இல்லாத காரில் மழை உள்ளே வரத்தான் செய்யும். கார்ப்பெட் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடுகிற இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு வேகமாகும். சட்டத்தைப் பிடித்து வைக்கிற தகடு அது என்பதை மறக்கக் கூடாது. மேலே கார்ப்பெட் இருந்தால் அரிப்பு கண்ணுக்கும் தெரியாது.

கார்ப்பெட் பக்கமும் நியாயம் இருக்கிறது. கியர்பாக்ஸ் சூடும் தகட்டின் இரைச்சலும் குறையும். நீண்ட பயணத்தில் களைப்பு குறையும்.

* ரேஸ் டிராக்குக்கு மட்டும் என்றால் வேண்டாம்.
* வார இறுதியில் வெயிலில் மட்டும் ஓட்டுவதென்றால், பட்டன் வைத்துக் கழற்றி மாட்டுகிற மாதிரி போடலாம். நனைந்தால் எடுத்துக் காயவைக்கலாம்.
* பசை போட்டு ஒட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாது.
* சந்தேகமாக இருந்தால் போடாமல் ஒரு சீசன் ஓட்டிப் பார்க்கலாம். பிறகு போடுவது எளிது. ஒட்டியதைப் பிய்த்து எடுப்பதுதான் கஷ்டம்.