தோட்டாவில் பிடித்த களிம்பு... ஜெனரல் கஸ்டரைச் சாய்த்தது அதுதானா?

வீட்டில் இருக்கும் செம்புக் குடத்தை நாலு மாசம் தேய்க்காமல் விட்டுப்பாருங்கள். பச்சையாக ஒரு படலம் பிடித்திருக்கும். அதுதான் களிம்பு. புளியோ எலுமிச்சையோ போட்டு ரெண்டு தேய் தேய்த்தால் போச்சு, குடம் பளபளன்னு ஆகிடும். அதே களிம்பு ஒரு துப்பாக்கித் தோட்டாவில் பிடித்தால் என்ன ஆகும்?

அமெரிக்க ராணுவ வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட ஒரு தோல்விக்கு இந்தக் களிம்பைத்தான் காரணமாகச் சொன்னார்கள். தோற்றவர் பெயர் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர். 'நைட் அட் த மியூசியம்' இரண்டாம் பாகத்தில் நீள முடியோடு வந்து உதார் விடுவாரே, அவரேதான்!

கடைசி ரேங்க், முதல் வரிசை

கஸ்டர் 1839-ல் ஒஹையோ மாநிலத்தின் நியூ ரம்லி என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா இரும்படிக்கும் கொல்லர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பையன் சேட்டைக்குப் பேர்போனவர். 1861-ல் படிப்பை முடித்த 34 பேரில் இவர் ரேங்க் 34!

அதே வருஷம் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. படிப்பில் கடைசியாக நின்றவர், போர்க்களத்தில் எப்போதும் முதல் வரிசையில் நின்றார். 23 வயதில் பிரிகேடியர் ஜெனரல். கெட்டிஸ்பர்க் சண்டையில் குதிரைப்படைக்கு முன்னால் பாய்ந்துபோய் ஹீரோ ஆனார். வெல்வெட் ஜாக்கெட், கழுத்தில் சிவப்புத் துணி, தோள்வரை புரளும் முடி என்று கெட்டப்பும் அப்படித்தான். இன்ஸ்டாகிராம் இருந்திருந்தால் மனுஷன் பின்னியிருப்பார்.

போர் முடிந்ததும் தற்காலிக ஜெனரல் பதவி போய், 7-வது குதிரைப்படையில் லெப்டினன்ட் கர்னல் ஆனார். 1867-ல் மனைவி லிப்பியைப் பார்க்க அனுமதி இல்லாமல் கிளம்பிப் போனார். விளைவு, ராணுவ விசாரணை. ஒரு வருஷம் சம்பளம் இல்லாத சஸ்பெண்ட். ஆனால், அந்த வருஷம் முடிவதற்குள் மேலதிகாரிகளே அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். செவ்விந்தியர்கள் என்று அன்று அழைக்கப்பட்ட பூர்வகுடிகளுக்கு எதிராகப் போரிட, அவர் தேவைப்பட்டார்.

1868 நவம்பரில் வாஷிட்டா ஆற்றங்கரையில் இருந்த ஷையான் மக்களின் கிராமத்தை விடியற்காலையில் தாக்கினார். சமாதானத்துக்கு முயன்றுகொண்டிருந்த தலைவர் பிளாக் கெட்டிலும் அவர் மனைவியும் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. கஸ்டரின் வீரத்தைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

1874-ல் அவர் தலைமையில் போன குழு, பிளாக் ஹில்ஸ் மலையில் தங்கம் இருப்பதாகச் செய்தி அனுப்பியது. லகோட்டா மக்களுக்கு என்று 1868-ல் அரசே ஒப்பந்தம் போட்டுக் கொடுத்த நிலம் அது. தங்கம் என்றதும் கூட்டம் மொய்த்தது. ஒப்பந்தம் காற்றில் பறந்தது.

ஜூன் 25, 1876

மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. லகோட்டா, ஷையான் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடாரம் போட்டிருந்தார்கள். சிட்டிங் புல், கிரேஸி ஹார்ஸ் போன்ற தலைவர்களும் அங்கே இருந்தார்கள். கிராமம் ரொம்பப் பெரிசு என்று வழிகாட்டிகள் எச்சரித்தார்கள். கஸ்டர் காதில் வாங்கவில்லை. கூடுதல் படையைத் தருகிறோம் என்றபோதும், கேட்லிங் துப்பாக்கிகளைத் தருகிறோம் என்றபோதும் ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். போதாததற்கு, இருந்த சுமார் 600 பேரையும் பல பிரிவுகளாகப் பிரித்துவிட்டார். அவர் நேரடியாகக் கூட்டிப்போன சுமார் 210 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவரும், அவருடைய இரண்டு தம்பிகளும், தங்கை கணவரும், அக்கா மகனும் ஒரே நாளில் இறந்தார்கள்.

சிக்கிக்கொண்ட கூடு

சரி, களிம்பு எங்கே வந்தது? வீரர்கள் கையில் இருந்தது 1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன். ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான். சுட்டதும், காலியான தோட்டாக்கூடு தானாக வெளியே வர வேண்டும். அப்போதுதான் அடுத்த தோட்டாவைப் போட முடியும்.

அந்தக் கூடு மெல்லிய செம்பில் செய்யப்பட்டது. வீரர்கள் தோட்டாக்களைத் தோல் பெல்ட்டில் செருகி வைத்திருந்தார்கள். தோலைப் பதப்படுத்தப் பயன்படும் அமிலம் செம்பில் பட்டுக் களிம்பு பிடித்தது. சுடும்போது அந்தக் களிம்போடு கரிமருந்தின் கசடும் சேர்ந்து, கூடு குழாய்க்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வெளியே இழுக்கும் கொக்கி, மெல்லிய செம்பின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கூடு உள்ளேயே நிற்கும். குத்தித் தள்ள அந்தக் கார்பைனில் கம்பியும் கிடையாது. கத்தியால் நெம்ப வேண்டியதுதான். எதிரில் ஆள் வந்துகொண்டிருக்கும்போது!

அதே போரில் தப்பிப் பிழைத்த மேஜர் ரீனோ, 380 கார்பைன்களில் 6 இப்படிப் பழுதானதாக ராணுவத்துக்கு எழுதினார். கணக்கு சின்னதுதான். ஆனால், களிம்பால்தான் கஸ்டர் தோற்றார் என்ற பேச்சு வேகமாகப் பரவியது. ஒரு ஹீரோ தப்புக் கணக்குப் போட்டார் என்பதைவிட இதை நம்புவது சுலபம் இல்லையா?

மண் சொன்ன சாட்சி

1983-ல் அந்தப் புல்வெளியில் தீப்பிடித்தது. புதர்கள் எரிந்து மண் தெரிய, அடுத்த இரண்டு வருஷம் ஆய்வாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு இறங்கினார்கள். கிடைத்த கார்பைன் கூடுகளில் நெம்பி எடுத்த கீறல் இருந்தவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. சிக்கியது உண்மை, சிலர் உயிர் அதனால் போயும் இருக்கலாம். ஆனால், போரையே தோற்கடிக்கும் அளவுக்கு அது இல்லை. தொடர்ந்து சுடும் ஹென்றி, வின்செஸ்டர் ரகத் துப்பாக்கிகள் பூர்வகுடிகளிடம் நிறைய இருந்ததையும் அதே மண் காட்டிக்கொடுத்தது.

இன்னொரு விஷயம். சமவெளிப் பூர்வகுடிகளுக்குத் தோட்டா சுலபமாகக் கிடைக்காது. அதனால் காலிக் கூடுகளைப் பொறுக்கி, மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்தும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. எறிந்துவிட்டுப் போகும் கூட்டின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ராணுவம் படித்த பாடம்

அதன்பின் கார்பைன் கட்டையிலேயே கம்பி வைக்க இடம் வந்தது. தோலுக்குப் பதில் துணி பெல்ட் வந்தது. 1880-களில் மறுபடி நிரப்பக்கூடிய கூடுகள் வந்தன; செம்பின் இடத்தைப் பித்தளை பிடித்தது. பித்தளை உறுதியானது, சுட்டதும் லேசாகச் சுருங்கிக் கையோடு வந்துவிடும். கழுவி, திரும்ப நிரப்பிப் பயிற்சிக்குச் சுடலாம்.

கழுவுவதும் ஒரு கலைதான். கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும் என்பதால், சுட்ட கையோடு சோப்பு கலந்த வெந்நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். இன்று வெளிநாடுகளில் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள், நொறுக்கிய வால்நட் ஓடு அல்லது மக்காச்சோளத் தக்கைத் தூளோடு கூடுகளை அதிரும் பாத்திரத்தில் போட்டு மணிக்கணக்கில் சுழற்றுகிறார்கள். சிலர் தண்ணீர், சோப்பு, கொஞ்சம் சிட்ரிக் அமிலம், குட்டிக் குட்டி ஸ்டீல் ஊசிகள் சேர்த்து உருட்டுகிறார்கள். நம்ம புளி வைத்தியத்தின் தம்பி! பளபளப்புக்காக மட்டும் இல்லை. அழுக்கு போனால்தான் கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும்.

அம்மோனியா கலந்த கிளீனரை மட்டும் தொடவே கூடாது. பித்தளையை அது உள்ளுக்குள் விரிசல் விட வைக்கும். இதற்கான பிரபல உதாரணம் நம் நாட்டில்தான். பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள் சும்மா இருந்தே வெடிப்பு விட்டன. குதிரைச் சாணம், மூத்திரத்தில் இருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் உறுதியானது. இன்னொன்று, அனுமதி இல்லாமல் தோட்டா தயாரிப்பது இந்தியாவில் ஆயுதச் சட்டப்படி குற்றம். இதெல்லாம் தெரிந்துகொள்ள மட்டுமே மக்களே!

லிப்பி, கணவர் இறந்த பிறகு 57 வருஷம் வாழ்ந்தார். மறுமணம் செய்யவில்லை. மூன்று புத்தகங்கள் எழுதி, கஸ்டரின் பெயரைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார். அவர் 1933-ல் இறந்தார். அதன் பிறகுதான் பலரும் கஸ்டரின் தப்புகளை வெளிப்படையாக எழுத ஆரம்பித்தார்கள். கஸ்டர் பெயரில் இருந்த அந்தப் போர்க்களத்துக்கு 1991-ல் லிட்டில் பிக்ஹார்ன் என்று பெயர் மாறியது. அங்கே செத்த பூர்வகுடிகளுக்கும் இப்போது ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது.