இருட்டை எடை போட்டவர்

பி.எஸ்ஸி. முதல் வருஷம். கண்ணுக்கே தெரியாத பொருளை எப்படி எடை போடுவது என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டேன். வகுப்பே சிரித்தது. அப்புறம் மூணு வருஷமும் நான் வாயைத் திறக்கவில்லை! அந்தக் கேள்விக்கு ஒருவர் எப்போதோ விடை சொல்லியிருந்தார் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அவர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி.

1898-இல் பல்கேரியாவின் வர்னா நகரில் பிறந்தவர். அப்பா சுவிட்சர்லாந்துக்காரர். ஆறு வயதில் பையனை சுவிஸில் தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிட்டார்கள். ஜூரிச்சில் படித்து, 1925-இல் அமெரிக்காவின் கால்டெக் போனார்.

1933-இல் கோமா என்ற கேலக்ஸிக் கூட்டத்தை ஆராய்ந்தார. அங்கே கேலக்ஸிகள் ஓடுகிற வேகத்துக்குக் கூட்டம் என்றைக்கோ சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லையே! அப்படியானால் ஒளி தராத ஏதோ ஒன்று ஈர்த்துப் பிடித்திருக்கிறது என்றார். அதுதான் கரும்பொருள். தெரிகிற பொருளைப்போல் சுமார் 400 மடங்கு என்பது அவர் கணக்கு. அன்றைய தூர அளவுகள் பிழையானதால் அது ரொம்ப அதிகம்தான். ஆனால் கேள்வி சரி.

மறு வருஷமே வால்டர் பாடேயுடன் சேர்ந்து இன்னொன்று சொன்னார். சூப்பர்நோவா வெடிப்பில் விண்மீன் நசுங்கி, முழுக்க நியூட்ரானாக மாறும் என்றார்கள். நியூட்ரானைக் கண்டுபிடித்தே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது! சூரியனை மிஞ்சும் எடை, சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுக்குள். யார் நம்புவார்கள்? மனுஷன் சளைக்கவில்லை. பாலோமர் மலையில் 18 அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு சூப்பர்நோவாக்களைத் தேடினார். ஆயுளில் நூற்றுக்கு மேல் கண்டுபிடித்தார்.

சுபாவம் கொஞ்சம் கரடுமுரடு. சக விஞ்ஞானிகளைத் திட்டித் தீர்ப்பார். அதனாலும் பலர் ஒதுங்கினார்கள். அதே மனிதர்தான், இரண்டாம் உலகப்போரில் அழிந்த நூலகங்களுக்குப் புத்தகங்களும் ஆய்விதழ்களும் சேகரித்துப் பெட்டி பெட்டியாக அனுப்பியவர்.

1967-இல் ஜோஸ்லின் பெல் பல்சாரைக் கண்டார். அது சுழலும் நியூட்ரான் விண்மீன் என்று தெளிவானபோது ஸ்விக்கிக்கு எழுபது வயது. கரும்பொருளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வேரா ரூபின் போன்றவர்களின் ஆய்வுகளால் உலகம் அதை முழுசாக ஏற்பதற்குள், 1974 பிப்ரவரியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அது என்ன பொருள் என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை.

தம்பி, தங்கைகளே! வகுப்பு சிரித்தால் சிரிக்கட்டும். நான் மூணு வருஷம் மூடிவைத்த வாயை நீங்கள் மூடாதீர்கள்.