டயோரமா கண்ட டகேர்

தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒருவர் ஒரு தொழிலிற் செலவிட, உலகம் அவரை வேறொரு தொழில்பற்றி நினைவு கூர்தலும் உண்டு. பிரெஞ்சு நாட்டு ஓவியராகிய லூயி ழாக் மாந்தே டகேர் அத்தகையர். நிழற்படக் கலையைத் தோற்றுவித்தோருள் ஒருவர் என்றே அவரைப் பலரும் அறிவர். பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்திற் பொறிக்கப்பெற்ற 72 பெயர்களுள் அவர் பெயரும் ஒன்றாயிருப்பது அது பற்றியே. ஆனால் ஏறக்குறைய 17 ஆண்டுகள் அவர் அயராது உழைத்தது ஒரு காட்சிச்சாலையின் பொருட்டாகும். இருந்த இருக்கையை விட்டு எழாமலே மக்களை மலைநாட்டிற்கும் பழங்கோயிலுக்கும் கொண்டு செல்வது அச்சாலையின் நோக்கம். டயோரமா என்பது அதன் பெயர். அதனை முதன்மையாகக் கொண்டே அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

டகேர் கி. பி. 1787-ம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ம் நாள் பாரிஸுக்கு அணித்தாகிய கோர்மேய் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வாண்டிலேயே எடின்பரோ நகரில் வாழ்ந்த ராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர், வட்ட மண்டபமொன்றின் சுவர் முழுவதும் ஒரே தொடர்ச்சியாக ஓவியம் தீட்டி, நடுவில் நிற்பாரை அக்காட்சியே நாற்புறமும் சூழுமாறு அமைக்கும் முறைக்கு அரசினரிடம் தனியுரிமை பெற்றார். அதுவே பின்னர்ப் பனோரமா எனப் பெயர் பெற்றது. இவ்விரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. எனினும் பனோரமா தோன்றாதிருப்பின் டகேர் தம் வழியைக் கண்டிரார் என்பது மேலே விளங்கும்.

தந்தையார் எழுத்தர் பணி பார்த்தவர். ஓர்லேயான் நகரில் வளர்ந்த சிறுவர்க்குப் புரட்சிக் காலத்தின் குழப்பத்தால் முறையான கல்வி வாய்க்கவில்லை. படம் வரைதல் ஒன்றே இயல்பாக வந்தது. முதலிற் கட்டடக் கலைஞர் ஒருவரிடமும், 1804-ம் ஆண்டு முதல் பாரிஸில் நாடகக் காட்சித்திரை எழுதுவதில் வல்லவரான தெகோத்தி என்பவரிடமும் அவர் தொழில் பயின்றார். பின்னர்ப் பனோரமா ஓவியர் ப்ரெவோ என்பாரிடம் பல்லாண்டு துணைவராயிருந்தார். 1810-ல் மணம் புரிந்தார்.

ப்ரெவோவிடம் கற்றவை இரண்டென்று யாம் கருதுகின்றோம். பரந்த திரையிற் பிழையின்றித் தொலைவும் அண்மையும் தோன்ற எழுதுதல் ஒன்று. அம்முறையின் குறையை உணர்ந்தமை மற்றொன்று. பனோரமாவிலே வானம் எத்துணை அழகியதாயினும், அங்கே எப்பொழுதும் ஒரே நாழிகை. ஞாயிறு சாய்வதில்லை, மேகம் நகர்வதில்லை. பார்ப்போன் நாற்புறமும் சுற்றிப் பார்த்து முடித்தபின் அஃது ஓவியமே என்பதை உணர்ந்து விடுகின்றான். காலம் செல்லாத இடம் மெய்யான இடமாகத் தோன்றுவதில்லை.

இக்குறையை நீக்கும் வழியை நாடக அரங்கு அவர்க்குக் காட்டியது. 1816 முதல் அம்பிகு கோமிக் என்னும் அரங்கிலும், பின்னர்ப் பாரிஸ் ஆப்பெராவிலும் காட்சி அமைத்த அவர், நிலவொளி முதலிய ஒளித்தோற்றங்களிற் பெரும்புகழ் எய்தினார். 1822-ம் ஆண்டு பெப்ருவரியில் ஆப்பெராவில் அரங்கேறிய அலாதீன் கதைக்குச் சீசெரி என்பாருடன் அவர் காட்சி அமைத்தார். அந்நாடகத்திலேதான் வாயு விளக்கு அவ்வரங்கில் முதன்முதற் பயன்பட்டது. எண்ணெய் விளக்கைப்போலன்றி, வாயு விளக்கின் ஒளியைக் குழாயின் திருகு ஒன்றாற் கூட்டவும் குறைக்கவும் இயலும். தீட்டிய திரையை நடிகருக்குப் பின்னணியாக்காது, அதனையே நாடகமாகவும் ஒளியையே நடிகனாகவும் ஆக்கினால் என்ன என்று டகேர் எண்ணினார் போலும்.

அவ்வாண்டு சூலைத் திங்கள் 11-ம் நாள், பூத்தோன் என்னும் ஓவியரோடு கூடி அவர் அமைத்த டயோரமா பாரிஸிலே திறக்கப்பெற்றது. அதன் அமைப்பைச் சிறிது விரித்துக் கூறுவாம். ஏறக்குறைய 350 பேர் கொள்ளும் வட்டமான கூடம். அதனுள் மங்கிய இருள். கூடத்தின் ஒரு புறத்தே பெரிய வாயில் போன்ற திறப்பு. அத்திறப்புக்கு அப்பால் இருண்ட வழியொன்று நீண்டு செல்ல, அதன் முடிவில் ஏறக்குறைய 70 அடி அகலமும் 45 அடி உயரமும் உள்ள ஓவியத்திரை தொங்கும். அவ்வழியின் சுவர்கள் திரையின் ஓரங்களை மறைத்துவிடுமாதலால், ஓவியம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதைக் கண் அறியாது. சட்டம் தெரியாத ஓவியம் சாளரமாகிவிடுகின்றது.

திரை மெல்லிய துணியாலானது. சில பகுதிகள் ஒளி புகாத வண்ணத்தாலும், சில பகுதிகள் ஒளி ஊடுருவும் வண்ணத்தாலும் எழுதப்பெற்றவை. கூரையிலுள்ள சாளரங்கள் வழியே வரும் பகலொளி திரையின் முன்புறத்திலும், பின்சுவரிலுள்ள உயர்ந்த சாளரங்கள் வழியே வருவது பின்புறத்திலும் படும். வண்ணத்துணி கட்டிய தட்டிகளைக் கயிறுகளாலும் கப்பிகளாலும் இழுத்து அவ்வொளியை மறைக்கவும் திறக்கவும் நிறம் மாற்றவும் செய்தனர். அதனால் திரையில் வெயில் காயும், மேகம் படரும், மூடுபனி கவியும், மீண்டும் தெளியும். ஒரு காட்சி பத்துப் பதினைந்து நிமிடம் நிகழ்ந்தபின், மக்கள் இருந்த கூடமே மெல்லச் சுழன்று அடுத்த திரைக்கு நேரே சென்று நிற்கும். இதுவே பெருவியப்பு. பார்ப்போர் அசையவில்லை, இடம் அவர்களை நோக்கி வந்தது போன்றிருந்தது. முதற்காட்சிகளாக அமைந்தவை ஸ்விட்சர்லாந்தின் சார்னென் பள்ளத்தாக்கும், இங்கிலாந்தின் காண்டர்பரிப் பேராலயத்து உட்புறமும் ஆம். முன்னது டகேர் எழுதியது. பின்னது பூத்தோன் எழுதியது. அடுத்த ஆண்டே இலண்டன் மாநகரிலும் ரீஜெண்ட்ஸ் பார்க்கின் அருகே ஒரு டயோரமா எழுந்தது.

எல்லாம் சிறந்தன என்று யாம் கூற வரவில்லை. 1831-ல் மோன் பிளான் மலைக்காட்சியின் முன் மெய்யான மரக்குடில் ஒன்றை நிறுத்தி, உயிருள்ள ஆடொன்றையும் கட்டிவைத்தார் டகேர். ஓவியத்தோடு மெய்ப்பொருளைக் கலத்தல் தகாது என்று அக்காலத்தார் சிலர் குறை கூறினர். அவர் பக்கமே யாமும் நிற்கின்றோம். ஒளியாலே மலையை எழுப்ப வல்லார்க்கு ஆட்டின் துணை வேண்டியதில்லை.

அவர் கலையின் உச்சி 1834-ல் வந்தது. திரையின் இருபுறமும் எழுதும் முறையை அவர் கண்டார். முன்புறம் பகற்காட்சி, பின்புறம் அதே கோடுகளின்மீது இராக்காட்சி. முன்னொளியை அடைத்துப் பின்னொளியைத் திறந்தால் ஒன்று மறைந்து மற்றொன்று வெளிப்படும். வண்ணங்களின் இயல்பையும் அவர் நுணுகி ஆராய்ந்தார். சிவந்த ஒளியிற் பச்சை வண்ணம் கருமையாகத் தோன்றும். செவ்வண்ணமோ அவ்வொளியில் தன் வேறுபாடு இழந்து மறையும். பச்சை ஒளியில் இது தலைமாறும். ஆதலின் ஒரே திரையில் ஒளியின் நிறத்தை மாற்றுமளவில் ஓர் உருவம் தோன்றவும் மறையவும் கூடும்.

இம்முறையிற் காட்டப்பெற்றது பாரிஸில் உள்ள தூய எத்தியேன் ஆலயத்தின் நள்ளிரவு வழிபாடு. முதலிற் பகலொளியில் வெற்றுக் கோயில். நாற்காலிகளில் ஒருவரும் இல்லை. மாலை மங்குகின்றது, இருள் நிறைகின்றது. பின்னர் ஒவ்வொன்றாக விளக்குகள் ஒளிர்கின்றன. வெறுமையாயிருந்த நாற்காலிகளில் மக்கள் அமர்ந்திருக்கின்றனர். எப்பொழுது வந்தனர் என்று கண்டவர் இலர். ஆர்கன் இசை கேட்கின்றது. வழிபாடு முடிந்து விளக்குகள் அவிய, விடியலொளி மீண்டும் வெற்றுக் கோயிலின்மேற் படுகின்றது.

கட்டணம் பெற்று வழிபாட்டைக் காட்சிப்பொருளாக்குதல் தகுமோ என்னும் ஐயம் கிறிஸ்தவராகிய எமக்கு எழாமலில்லை. வேடிக்கை பார்க்க வந்தோர் நடுவே ஆண்டவர் மேடை தோன்றுவது எளிதாகக் கொள்ளத்தக்கதன்று. ஆயினும் அக்காட்சியில் ஏளனமில்லை, ஆரவாரமுமில்லை. கோயில் நிறைந்து ஒழிவதை அமைதியாக நோக்கச் செய்தது அது. அதனைப் பழிக்க எமக்கு மனம் வரவில்லை.

புகழ் வந்ததே யன்றிப் பொருள் நிலைக்கவில்லை. 1830-ம் ஆண்டுப் புரட்சியும், 1832-ல் பாரிஸை வாட்டிய வாந்திபேதியும் காட்சிச்சாலைகளுக்கு நல்ல காலம் ஆகா. கடன் மிகுந்தது. இதனிடையே அவர் உள்ளம் வேறொன்றிலும் ஈடுபட்டிருந்தது. திரைக்கு வேண்டிய படங்களை அளவு தவறாது வரைய அவர் இருட்பெட்டியைப் பயன்படுத்தி வந்தார். சிறு வில்லையின் வழியே வெளிக்காட்சி பெட்டியினுள் தலைகீழாக விழும். அதன்மேற் கோடிட்டு வரைவர். அவ்வுருவம் தானே தங்கிவிடச் செய்ய இயலாதோ என்பது அவர் ஏக்கம். அதே முயற்சியில் முன்னரே ஈடுபட்டு, பல மணிநேர ஒளியில் உருவம் பதித்தும் இருந்த நியெப்ஸ் என்பாருடன் 1829-ம் ஆண்டு டிசம்பரிற் கூட்டுடன்படிக்கை செய்தார். நியெப்ஸ் 1833-ல் இறந்தார். டகேர் வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியிலும், ஒளி பட்டபின் பாதரச ஆவியிலும் காட்டி, நிமிடக் கணக்கில் உருவம் பெறும் முறையைக் கண்டார். 1837-ல் உப்புநீரால் அதனை நிலைபெறுத்தவும் செய்தார். ஆனால் அம்முறைக்குத் தம் பெயர் மட்டுமே வழங்குமாறு நியெப்ஸின் மகனை உடன்படச் செய்தமை அவர் வரலாற்றில் ஒரு கறை. முதலில் வழி கண்டவர் பெயர் அரை நூற்றாண்டேனும் நிழலில் மறைந்து கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1838-ல் தம் சாளரத்திலிருந்து தெம்ப்ல் பெருந்தெருவை அவர் பதித்த தகடு யாவரும் அறிந்தது. வண்டியும் மக்களும் நிறைந்த அத்தெரு அதில் வெறுமையாய்க் கிடக்கின்றது. ஒளி பதிய நிமிடங்கள் பல வேண்டியிருந்தமையின் இயங்கியவை ஒன்றும் பதியவில்லை. காலணி துடைப்பிக்க நின்ற ஒருவர் உருவம் மட்டும் தெரிகின்றது. வெற்றுக் கோயிலை மக்களால் நிரப்பிய அதே கைகளில், நிறைந்த தெரு வெறுமையானது.

1839-ம் ஆண்டு சனவரி 7-ம் நாள் அறிஞர் அரகோ இக்கண்டுபிடிப்பை அறிவியற் கழகத்தில் அறிவித்தார். மார்ச்சு 8-ம் நாள், தந்தி முறையை ஆராய்ந்து வந்த அமெரிக்கர் மோர்ஸின் பொறியைக் காண டகேர் அவர் இல்லம் சென்றிருந்தார். அப்பொழுது டயோரமா தீப்பற்றியது. மெல்லிய துணியும் எண்ணெய் வண்ணமும் மரத்தட்டிகளும் நிறைந்த சாலை. திரைகள் யாவும் எரிந்து சாம்பராயின. பெயர் உலகெங்கும் பரவத் தொடங்கிய அவ்வேளையிலேயே அவர் வாழ்க்கைத் தொழில் அழிந்தது.

அரசினர் அவர்க்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்கும் அளித்து, ஆகஸ்டு 19-ம் நாள் அம்முறையை உலகிற்கு வெளியிட்டனர். டகேர் பெற்ற தொகையில் 2,000 பிராங்கு டயோரமாவின் நுட்பங்களை வெளியிட்டதற்காகவே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். உலகிற்கு இலவசமாக ஈந்ததாகக் கூறப்படும் அம்முறைக்குச் சில நாட்களுக்கு முன்னரே இங்கிலாந்தில் அவர் சார்பில் தனியுரிமை பெறப்பட்டிருந்தது. ஈகையிலும் வணிகம் கலந்திருந்தது.

பின்னர் அவர் பாரிஸை விட்டு மார்ன் ஆற்றங்கரையிலுள்ள பிரி என்னும் சிற்றூரிற் குடியேறினார். அவ்வூர்க் கோயில் சிறியது. 1842-ல் அதன் பீடத்திற்குப் பின்னே, கோதிக் முறையில் அமைந்த பேராலயமொன்றின் உட்புறத்தை அவர் எழுதி வைத்தார். வாயிலில் நிற்போர்க்கு அச்சிறு கோயில் சுவரோடு முடியாது, தூண்கள் வரிசையாக உள்ளே நீண்டு செல்வதாகத் தோன்றும். ஈண்டுக் கட்டணமில்லை, கூடம் சுழல்வதுமில்லை. வழிபட வந்த ஊரார்க்காக எழுதியது அது. பாரிஸில் கோயிலைக் காட்சிச்சாலைக்குக் கொண்டு வந்தவர், ஈண்டுத் தம் காட்சிக் கலையைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டார். எமக்கு எழுந்த ஐயத்திற்கு அவர் தந்த விடையாக இதனைக் கொள்ளலாமோ என்று எண்ணுகின்றோம்.

டகேர் 1851-ம் ஆண்டு சூலை 10-ம் நாள் அவ்வூரிலேயே இறந்து, அவ்வூர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் எழுதிய டயோரமாக்களுள் எஞ்சியது பிரியிலுள்ள அத்திரை ஒன்றே. பல்லாண்டுப் பழுது நீக்கப்பெற்று 2013-ல் அது மீண்டும் தன் இடத்தில் அமைந்தது. பகலொளி கூடுந்தோறும் குறையுந்தோறும் அத்தூண்களின் நிழலும் மாறுகின்றது.